ஊருக்கு விரதம்

எந்த வீட்டில் கருவாட்டுக் குழம்பு கொதித்தாலும், அது என்ன மீன், யார் கை உப்பு என்று வாசலில் நின்றே சொல்லிவிடுவாள் அற்புதம்மாள். தங்கச்சிமடத்துக்காரி. அவள் மூக்கிடமா விளையாடுவது?

வலை காயப்போடக் கயிறு கேட்க வந்தவள், நாகலெட்சுமி வீட்டு வாசலில் அப்படியே நின்றுவிட்டாள். உள்ளே கொதிப்பது சீலாக் கருவாடு. அதுவும் ஆடி மாதம் அவளே இந்தத் தெருவில் கூவி விற்ற கருவாடு.

கார்த்திகை முழுக்க ஊரே விரதம், கவுச்சி சட்டியில் ஏறாது என்று சொன்னவர்கள் இவர்கள்தானே!

அது ஐம்பத்தேழாம் வருடம். பதினைந்து நாளாகக் கடல் கொந்தளிப்பு. தங்கச்சிமடத்தில் ஒரு வள்ளமும் இறங்கவில்லை. வீட்டில் குருணைகூட இல்லை. மூன்று பிள்ளைகளையும் அக்கா வீட்டில் விட்டுவிட்டு, வீச்சு வலையைத் தூக்கிக்கொண்டு புருஷன் வேதமுத்துவும் அவளும் கமுதிப் பக்கம் வந்துவிட்டார்கள். கருவாடு விற்றுப் பழகிய ஊர். மழைக்குக் கண்மாய் நிறைந்து கிடந்தது. நாகலெட்சுமியின் வீட்டுக்காரர் பூமிநாதன்தான் ஊர்ப் பெரியவர். தாராளமாக வலை போட்டுக்கொள்ளச் சொன்னார்.

முதல் நாள் வேதமுத்து கடலில் செய்வதுபோல விடியுமுன்னே வலை வீசினான். விழுந்தது பத்தே கெண்டை. பூமிநாதன் சிரித்துவிட்டார். கார்த்திகைக் குளிருக்குக் கண்மாய் மீன் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும், வெயில் ஏறட்டும், அப்புறம் மடைப் பக்கம் வீசு என்று சொல்லிக்கொடுத்தார்.

வேதமுத்து ரோஷக்காரன். பொதுக் கண்மாயில் பிடித்தது, பாதி ஊருக்குத்தான் என்று ஐந்து மீனை எடுத்து வைத்தான். வேண்டாமப்பா என்று எவ்வளவோ சொன்னார்கள். கேட்டால்தானே?

மறுநாள்தான் இந்த விரதச் செய்தி வந்தது. மாதம் முடியும்வரை ஒரு மீனும் தெருவுக்குள் வரக்கூடாது, பிடித்ததெல்லாம் கமுதிச் சந்தைக்குப் போகட்டும் என்று பூமிநாதன் கறாராகச் சொல்லிவிட்டார். வேதமுத்து கையெடுத்துக் கும்பிட்டான். அன்றிலிருந்து பிள்ளைகளுக்கு அரிசி போய்க்கொண்டிருக்கிறது.

அற்புதம்மாளுக்குத்தான் ஆறவில்லை. விரதம் முடியும்வரை தொட்டியில் உயிரோடு கிடக்கட்டும் என்று நேற்று நல்ல விராலாக ஒன்றை ஆசையாக நாகலெட்சுமியிடம் நீட்டினாள். அந்த அம்மாள் கையால்கூடத் தொடவில்லை. நாம் தொட்ட மீன் என்றுதானே இந்த ஒதுக்கல் என்று நினைத்து நினைத்து வெந்துகொண்டிருந்தாள்.

இப்போது இந்த வாசம் வேறு. கயிறாவது ஒன்றாவது. நேரே அடுப்படிக்கே போய்விட்டாள்.

"ஏங்க்கா, எங் கையால வித்த கருவாடு தொண்டையில எறங்குது. எங்க வலையில விழுந்த மீனு எறங்காதோ?"

நாகலெட்சுமி கரண்டியும் கையுமாகத் திகைத்துப்போனாள். சட்டியை மூடப் பார்த்தாள். வாசத்தை எங்கே மூடுவது?

"உக்காரு அற்புதம்" என்றாள்.

"நான் உக்கார வரல. வெரதம்னு ஏன் பொய் சொன்னீக? அதச் சொல்லுங்க."

"வேற என்னத்தச் சொல்ல? அன்னைக்கு அஞ்சு மீன எடுத்து வச்சான்ல உம் புருசன்? அத இங்க எவ வாயில வைப்பா? அங்க மூணு பச்சப்பிள்ளைக வயித்தக் காயப்போட்டுக் கெடக்கு. வேணாம்னா கேக்குற ஆளா அவன்? அதான் எங்க வீட்டுக்காரரு வீடுவீடாப் போயி வெரதம்னு சொல்லச் சொல்லிட்டாரு."

அற்புதம்மாள் பொத்தென்று தரையில் உட்கார்ந்துவிட்டாள். இவர்களையா இத்தனை நாள் கரித்துக் கொட்டினோம் என்று வெட்கமாகப் போய்விட்டது. கண்ணில் நீர் நிற்கவில்லை.

"ஆண்டவர் ஒங்கள நல்லா வைப்பாருக்கா" என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது.

"அழுகாம ரெண்டு வாய் சாப்பிடு" என்று நாகலெட்சுமி தட்டில் சோற்றைப் போட்டுக் குழம்பை ஊற்றினாள். "பானையில இன்னும் நாலு துண்டு கெடக்கு. எங்க வெரதம் அது வரைக்கும் தாங்கும். அதுக்குள்ள கடல் தெளிஞ்சிரும்ல?"

அற்புதம்மாள் கண்மாய்க்கரைக்குத் திரும்பியபோது வேதமுத்து ஈர வலையை உதறிக்கொண்டிருந்தான். கயிறு எங்கே என்றான். மறந்துவிட்டாளாம்.

"பாவம் அற்புதம் இந்தச் சனங்க. கம்மாய் நெறைய மீன வச்சுக்கிட்டு வெரதம் இருக்காக. அவுக வெரதத்துக்கு ஒரு கொறையும் வந்துறக் கூடாதுன்னு மாதாகிட்ட வேண்டிக்க."

"வரும்போதே வேண்டிக்கிட்டேன்" என்றாள் அற்புதம்மாள், சேலைத் தலைப்பால் வாயை இறுக மூடிக்கொண்டு. வேதமுத்துவும் தங்கச்சிமடத்துக்காரன்தான், அவனுக்கும் மூக்கு இருக்கிறதே!