வீடியோ ஆதாரம்

அண்ணன் சட்டைக் கையை முழங்கைவரை மடித்துவிட்டு, கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் கொடுத்தான்.

சாப்பாட்டுக்கு முன் கை கழுவப் போகிறவன்போல அவ்வளவு சாதாரணமாகக் கொடுத்தான்.

பட்டறையின் நடுவில் பிரஸ் மெஷின் உறுமிக்கொண்டிருந்தது. இரும்புத் தகடுகளை அழுத்தி வளைக்கும் பழைய எமன் அது. எங்கள் ஆபரேட்டரின் இரண்டு விரல்களை ஏற்கெனவே சாப்பிட்டிருக்கிறது. கரண்ட் போய்த் திரும்பி வந்தால், யாரும் சுவிட்சைத் தொடாமலேயே தானாக எழுந்து வேலையைத் தொடங்கிவிடும். அந்தச் சுறுசுறுப்பை அண்ணனிடம் நான் பார்த்ததே இல்லை.

அந்த மெஷினின் வாயில் மாட்டியிருந்த சின்னப் பெட்டிதான் அண்ணனின் கண்டுபிடிப்பு. தனி பேட்டரியில் ஓடும். கை உள்ளே போனால் மெஷினுக்குப் போகும் கரண்ட்டை வெட்டிவிடும், பச்சை விளக்கு சிவப்பாகும். அதை எல்லாப் பழைய மெஷின்களுக்கும் பொருந்தும்படி வளர்த்தெடுக்கத்தான் ஆராய்ச்சி நிதி கேட்டு விண்ணப்பம் தயாரித்துக்கொண்டிருந்தோம். நிதி கிடைக்காவிட்டால் பட்டறையை மூடிவிட்டு வேலைக்குப் போகிறேன் என்று அண்ணியிடம் வாக்குக் கொடுத்திருந்தான்.

மேசையில், சுவர் மின்விசிறிக்கு நேர் கீழே, விண்ணப்பத்தின் தாள்கள் ஸ்பேனரின் கனத்தையும் மீறிப் படபடத்தன. எல்லாம் நான் டைப் செய்தவை. ‘திட்டத்தின் ஆபத்துகள்’ என்ற இடத்தில், இரும்பு விலை ஏறலாம் என்று எழுதியிருந்தேன்.

‘சோதனை முடிவுகள்’ என்ற இடத்தில், அண்ணன் சொல்லச் சொல்ல ஒரு வரி போட்டேன். மனிதக் கையை வைத்துச் சோதித்ததில் முழு வெற்றி.

சோதித்தது மரக்கட்டையை வைத்து. பிறகு ஈரத்துணி திணித்த கையுறையை வைத்து.

விண்ணப்பம் போடுகிற எல்லோரும் செய்யப்போவதைச் செய்ததாகத்தான் எழுதுவார்கள் என்றான் அண்ணன். அப்படித்தான் எழுதுகிறார்கள். ஆனால் நிதி கொடுக்கிறவர்கள் இந்த முறை ஒவ்வொரு சோதனைக்கும் வீடியோ கேட்டுவிட்டார்கள். இன்று மாலைக்குள் அனுப்பியாக வேண்டும்.

“அந்த வரியை எடுத்துடலாம்ணா.”

“எடுத்துட்டா அப்புறம் மிச்சம் என்ன இருக்கு?”

போன வாரம் ஒரு கையுறை நசுங்கிப்போனது. பெட்டி அதைக் கண்டுகொள்ளவே இல்லை. கோளாறு கையுறையில்தான், நிஜக் கையென்றால் பிடித்திருக்கும் என்று அண்ணன் தீர்ப்புச் சொல்லிவிட்டான். மறுத்துச் சாட்சி சொல்லக் கையுறை மிஞ்சவில்லை.

எனக்கு அந்தக் கையுறையின் ஞாபகமாகவே இருந்தது. அது காகிதம்போலத் தட்டையாகக் கிடந்தது.

அண்ணியை டீ வாங்கிவர அனுப்பியாயிற்று. ஆபரேட்டர் பெடலை மிதிக்க முடியாது என்று சொல்லிவிட்டு வாசலில் போய் நின்றுகொண்டார். அண்ணன் தானே மிதித்துக்கொள்வதாகச் சொன்னான்.

போனைப் பிடித்தேன். இரண்டு கையாலும் பிடித்தேன். திரையில் அண்ணன், மெஷின், பின்னால் மேசை எல்லாம் தெரிந்தன. சின்ன வயதில் என் ஜடையைப் பிடித்து இழுத்த கை, பூதாகரமாகத் தெரிந்தது.

அண்ணன் மிதித்தான். மெஷினின் மேல்தாடை மெல்ல இறங்கத் தொடங்கியது. பாதி வழியில் கையை உள்ளே நீட்டினான்.

நான் கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன்.

உறுமல் நின்றது. பட்டறையே அமைதியாகிவிட்டது. அலறல் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

கண்ணைத் திறந்தபோது, மேல்தாடை அண்ணனின் கைக்கு நாலு விரற்கடை மேலே நின்றிருந்தது. அவன் கையை உருவி, ஐந்து விரல்களையும் என் முகத்துக்கு நேரே ஆட்டிக் காட்டினான். ஆபரேட்டர் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. வேர்த்து ஊற்றியது. பயந்தால் எனக்கு அப்படித்தான்.

மேசைக்கு வந்து உட்கார்ந்தேன். அனுப்புவதற்கு முன் வீடியோவை ஒருமுறை ஓடவிட்டேன். இந்த முறை கண்ணை மூடவில்லை.

அண்ணனின் கை உள்ளே போகிறது. விளக்கு பச்சை.

மேல்தாடை இறங்கிக்கொண்டே இருக்கிறது. விளக்கு பச்சை.

மேல்தாடை நிற்கிறது. அண்ணனுக்குப் பின்னால், மேசைமேல் தாள்களின் படபடப்பு குறைந்து, குறைந்து, அடங்குகிறது. விளக்கு அப்போதும் பச்சை.

நிமிர்ந்து சுவரைப் பார்த்தேன். மின்விசிறி சும்மா இருந்தது.

பெட்டி எதையும் நிறுத்தவில்லை. கரண்ட் போயிருக்கிறது.

அண்ணா என்று கூப்பிடத் திரும்பினேன்.

அண்ணி டீயோடு வந்துவிட்டிருந்தாள். அண்ணன் அவளுக்குப் பெருமையாக விளக்கிக்கொண்டிருந்தான். கை மணிக்கட்டுவரை மெஷினுக்குள். கால் பெடல்மேல்.

“பாரு, எவ்வளவு மிதிச்சாலும் அசையாது.”

என் முழங்கைக்குப் பக்கத்தில், முதல் தாளின் ஓரம் மெல்ல எழுந்தது.