கறுப்புத் திரை போட்ட ஆலயம்

வானத்தில் சூரிய ஒளியைத் திருப்பும் கண்ணாடிகளை நிறுத்தி அரசாங்கம் இரவையே ஒழித்த மறுவருடம், தூத்துக்குடிப் போதகர் ஞானசிகாமணி ஆலய ஜன்னல்களுக்குக் கறுப்புத் திரை போட்டார். தேவன் வெளிச்சத்தையும் இருளையும் பிரித்ததைப் பற்றி இருட்டிலேயே பிரசங்கிக்கப்போவதாக அறிவித்தார். ஐம்பது பேர் வருகிற சபைக்கு ஐந்நூறு பேர் வந்தார்கள். ஜனங்களின் பக்தியில் பெரிய எழுப்புதல் வந்துவிட்டதென்று பூரித்துப்போனார்.

பிரசங்கத்தின் நடுவில், "எல்லாரும் ஆமென் சொல்லுங்க" என்றார். குறட்டைதான் கேட்டது. கோபத்தோடு விளக்கைப் போடப் போனவரின் கையை மனைவி ரோஸ்லின் பிடித்துக்கொண்டாள்.

"பாவம், எழுப்பாதிய. ஆண்டவர் இருட்டைப் படைச்சது ஒங்க பிரசங்கம் கேக்கவா?"

அவர் பீடத்துப் படியில் உட்கார்ந்தார்.

ஆராதனை முடியும் நேரத்து மணி அடித்ததும் சபையார் எழுந்தார்கள். கதவிடுக்கு வெளிச்சத்தில், படியில் சுருண்டு தூங்கும் போதகரைப் பார்த்துவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் வெளியேறினார்கள்.