காங்காவில் ஒரு வரி

தார் எஸ் சலாமில் பெண்கள் வாயால் சொல்ல முடியாததை இடுப்பில் கட்டும் காங்காத் துணியால் சொல்லிவிடுவார்கள். துணியிலேயே ஒரு வரி அச்சாகியிருக்கும். ஆலையில் அந்த வரிகளை எழுதுபவள் சௌமு. காரமாக எழுதினால் மேலாளர் ஷெகுவே அந்த வரியை வெட்டிவிடுவார்.

“பெருநாள் வாழ்த்து, அம்மாவுக்கு நன்றி. இதையே எழுதி எழுதி எனக்கே தூக்கம் வருது, பாஸ். நான் போறேன்.”

“போய் சமோசா விப்பியா?”

“விப்பேன். அதுலயாவது காரம் போடலாம்.”

“சரி, ராஜினாமா எழுதிக் கொடு.”

“போன வாரம் நீங்க கல்யாணத்துக்குப் போனப்பவே எழுதிட்டேன்.”

“எனக்கு வரலையே.”

“வந்துடும்.”

அப்போது ஷெகுவேயின் மனைவி சாப்பாட்டோடு உள்ளே வந்தாள். அவள் கட்டியிருந்த புதுக் காங்காவை ஷெகுவே படித்தார்: ‘உன் நிழலில் நின்றது போதும், வெயிலுக்குப் போகிறேன்.’

அவருக்கு வியர்த்தது. “நான் என்னம்மா தப்பு பண்ணேன்?”

“யோசிச்சுச் சொல்லுங்க, ஹிதாயாவோட அப்பா. நம்ம ஆலைத் துணிதான். சந்தையில அடிச்சுப் பிடிச்சு வாங்கினேன்.”

“வந்துடுச்சு, பாஸ்,” என்றாள் சௌமு. “அதுதான் என் ராஜினாமா.”

அதற்குள் ஊரில் பல கணவன்மார் தாங்களாகவே பாத்திரம் கழுவியதாகக் கேள்வி. ஆலையில் ஒரு முழத் துணிகூட மிச்சமில்லை.

ஷெகுவே நாற்காலியை இழுத்துப் போட்டார். “உக்காரு சௌமு. இனிமே நீ எழுதுறதை நான் தொடவே மாட்டேன். ராஜினாமாவை வாபஸ் வாங்கிக்கோ.”

சௌமு பையைத் தோளில் மாட்டினாள்.

“எப்படி பாஸ்? பாதி ஊரு அதைக் கட்டிக்கிட்டுத் திரியுதே.”