ரத்தம் சொன்ன சாட்சி

“கண்ணடிச்சேன்னு ஒத்துக்கிட்டா என்ன குறைஞ்சா போயிடுவீங்க?”

டாக்டர் அறைக்கு வெளியே காத்திருந்தவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். செருப்புக் கடை விற்பனையாளர் மனைவியின் பக்கம் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார்.

“மெதுவா பேசு. நான் யாரைப் பாத்தும் கண்ணடிக்கல. பேசிக்கிட்டே இருக்கும்போது இடது இமை தானா இறங்குது. சாயங்காலமானா இன்னும் மோசம். நான் என்ன பண்ணட்டும்?”

“பொம்பளைங்க காலுக்குச் செருப்பு மாட்டிட்டு நிமிரும்போது மட்டும் இறங்குதாக்கும்.”

“ஆம்பளைங்க பிரிவுக்கு மாத்தினாங்களே, அங்க ஒருத்தர் என் சட்டையப் பிடிச்சாரே, அதை ஏன் விட்டுட்ட?”

மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் பெண்கள் விடுதி ஒன்றில் வார்டன். பொய்யை வாசனையிலேயே பிடித்துவிடுவாள் என்று அங்கே பேர். கணவர் விஷயத்தில் மட்டும், அவர் பொய் சொல்கிறார் என்று அவளாகவே முடிவுகட்டிவிட்டு, அதை விட்டு ஒரு அங்குலம்கூட நகர மறுத்தாள்.

அவர் பாடு அதைவிடத் திண்டாட்டம். “வியாதின்னு டாக்டர் எழுதிக் கொடுத்தா வேலைக்கு வா. இல்லன்னா இந்தப் பக்கமே வராதே” என்று முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார். ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் ஏதாவது ஒரு கோளாறு இருந்துவிட வேண்டுமே என்று அவர் கும்பிடாத சாமியில்லை.

“எல்லாம் நார்மல்னுதான் வரும், பாருங்க” என்றாள் மனைவி.

உள்ளே கூப்பிட்டார்கள். நரம்பு டாக்டர் நடுத்தர வயதுப் பெண்மணி. ரிப்போர்ட்டைப் புரட்டினார்.

“உடம்புல எங்கயாவது அழற்சி இருந்தா ரத்தத்துல சில அளவுகள் ஏறும். உங்களுக்கு ஒண்ணுகூட ஏறல. எல்லாம் நார்மல்.”

கணவரின் முகம் தொங்கிப்போனது. மனைவியின் முகமோ விளக்கு போட்டதுபோல் ஆனது.

“நான் சொல்லல? அப்ப வேணும்னேதான் கண்ணடிச்சிருக்கார்.”

“பொறுங்கம்மா. அது பொதுவான கணக்கு. சில நரம்பு வியாதியில அந்த அளவு அசையவே அசையாது. அதனாலதான் தனியா இன்னொரு டெஸ்டும் எழுதினேன்.” டாக்டர் அடுத்த தாளை எடுத்தார். “நம்ம எதிர்ப்புச் சக்தி கிருமியோட சண்டை போடணும். சிலருக்கு அது ஆள் தெரியாம, நரம்பு தசைக்கு உத்தரவு கொடுக்கிற இடத்துலயே போய் அடிக்கும். உத்தரவு சரியா போகலன்னா தசை சீக்கிரம் சோர்ந்துடும். இவருக்கு இமைத் தசை. அப்படி அடிக்கிற பொருள் ரத்தத்துல நிறையவே இருக்கு. பாவம், இவர் பொய் சொல்லல.”

கணவர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். வியாதி என்று கேட்டு இத்தனை சந்தோஷப்பட்ட ஆளை அந்த டாக்டர் பார்த்திருக்க மாட்டார்.

“இப்ப நம்புறியா? ஆயுசுல நான் ஒருத்தரைப் பாத்தும் கண்ணடிச்சதே இல்ல.”

அவ்வளவுதான். மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு விசும்ப ஆரம்பித்தாள்.

கணவர் பதறிப்போனார். இத்தனை நாள் கரித்துக்கொட்டியதெல்லாம் உள்ளே இருந்த பாசம்தானா என்று உருகிப்போனார். “அழாத. எனக்கு ஒண்ணும் ஆகாது” என்று அவள் தோளைத் தட்டினார்.

டாக்டரும் தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்தார். “பயப்படாதீங்கம்மா. மாத்திரையில நல்லா கட்டுப்படும். நெஞ்சுல இருக்கிற ஒரு சுரப்பியும் இதுக்குக் காரணமா இருக்கலாம், அதுக்கு ஒரு ஸ்கேன் எடுத்துடலாம். முழுங்கவோ மூச்சு விடவோ சிரமம் வந்தா மட்டும் உடனே ஓடி வரணும். வேலைக்குத் தாராளமா போகலாம், எழுதித் தர்றேன்.”

அழுகை நிற்கவில்லை. இன்னும் பலமானது.

டாக்டர் பேனாவைத் திறந்தபடி கணவரைக் கேட்டார். “இந்தக் கண் தொந்தரவு எப்ப ஆரம்பிச்சது?”

“ஒரு ஆறு மாசமா டாக்டர்.”

“இல்ல டாக்டர், எட்டு வருஷமா” என்றாள் மனைவி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. “எங்க வீட்டுக் கூடத்துல எதிர்ல உக்காந்து என்னைப் பாத்துக் கண்ணடிச்சார். அதை நம்பித்தான் கட்டினா இவரைத்தான் கட்டுவேன்னு ஒத்தக் கால்ல நின்னேன். அன்னைக்குப் பொண்ணு கேட்டு வந்தவரு இவரோட சிநேகிதர் டாக்டர். இவரு சும்மா துணைக்கு வந்தவரு.”