படத்தின் ஓரத்தில் ஒரு சிவப்பு

கல்லூரி லேபில் உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர் போர்டு ஒன்று இருந்தது. அதில் ஒரு சிவப்பு எல்.இ.டி. விளக்கும், இரண்டு விரல் தள்ளி ஒரு கேமரா சாக்கெட்டும் குடியிருந்தன.

புதிதாக வரும் மாணவர்கள் எல்லாருக்கும் முதல் பாடம், அந்த விளக்கை மினுங்க வைப்பது. மினுங்கியதும் கைதட்டுவார்கள். அத்தோடு போர்டைப் பெட்டியில் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். சாக்கெட்டை யாரும் தொட்டதேயில்லை.

"வெளியே என்னதான் இருக்கு?" என்று சாக்கெட் தினமும் கேட்கும்.

விளக்கு தன் வெளிச்சம் எட்டிய வரைக்கும் சொல்லும். "ஒரு டீ கிளாஸ். ஒரு கை. நகத்துல மருதாணி."

"எனக்குக் கேமரா வர்ற அன்னிக்கு முதல்ல உன்னைத்தான் பார்ப்பேன்."

"பார்க்கற அளவுக்கு நான் ஒண்ணும் பெருசு இல்ல" என்று சொல்லிவிட்டு, விளக்கு அந்த நாளுக்காகக் காத்திருந்தது.

நாலு வருஷம் கழித்து நிலோஃபர் என்ற மாணவி ஒரு கேமராவைக் கொண்டுவந்து சாக்கெட்டில் செருகினாள். திரையில் ஜன்னலும் வெயிலும் தெரிந்தன. படத்தின் ஓரத்தில் மங்கலாக ஒரு சிவப்பு மினுங்கியது.

"அது நீதானே?" என்றது சாக்கெட்.

"நான்தான்."

நிலோஃபர் முகம் சுளித்தாள். "படத்துல சிவப்பா அடிக்குதே" என்று சொல்லி, கறுப்பு டேப்பைக் கிழித்து விளக்கின் மேல் ஒட்டினாள். படம் சுத்தமாகிவிட்டது.

சாக்கெட் பதறிப்போய்க் கேட்டது. "எங்க போயிட்ட?"

"இங்கதான் இருக்கேன்" என்றது டேப்புக்கு அடியில் மினுங்கிக்கொண்டிருந்த விளக்கு. "வெளியே என்ன இருக்கு, சொல்லு."