சாம்பிள் ரூமில் ஒரு தேள்

மறுபடியும் ஐம்பத்தெட்டு.

கண்ணாடித் தொட்டிக்குள் ஒட்டியிருந்த மீட்டரை அவள் நகத்தால் தட்டிப் பார்த்தாள். அசையவில்லை, சனியன். ஈரப்பதம் எழுபத்தைந்து காட்ட வேண்டும். சூடு இருபத்தேழு. ஒரு மணி நேரத்துக்கு முன்னால் தண்ணீர் அடித்துவிட்டுப் போனபோது எழுபத்தாறு காட்டிய அதே மீட்டர்தான் இது.

உள்ளே, உடைந்த பூந்தொட்டி ஓட்டுக்கு அடியில், கருந்தேள் சௌகரியமாகப் படுத்திருந்தது.

"உனக்கு வந்த வாழ்வப் பாரு" என்றாள்.

மூன்று நாளாக இதே பாடு.

போன வாரம்வரை மட்டைக் குவியலில் தேளைக் கண்டால் செருப்பாலேயே ஒரே அடி. மட்டை மில் பெண்களுக்கு அதெல்லாம் ஒரு விஷயமே இல்லை. தேங்காய் மட்டையில் நாரை எடுத்தபின் மிஞ்சும் தூளைக் காய வைத்து, செங்கல் மாதிரி கட்டியாக அழுத்தி வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். செடிக்குத்தான் போகிறது என்று இத்தனை வருடம் நினைத்திருந்தாள். தேள் வளர்க்கவும் வாங்குகிறார்களாம். அந்த ஊரில் வேறு வேலையே இல்லை போல.

வாங்குகிறவனுக்கு ஒரு சந்தேகம். தூளில் ஈரம் நிற்குமா, பூஞ்சை பிடிக்குமா, தேள் பிழைக்குமா? முப்பது நாள் வளர்த்துக் காட்டு, தினம் ஒரு போட்டோ அனுப்பு என்றுவிட்டான். முதலாளி சரி என்றார். அவருக்கென்ன, சொல்லிவிட்டார். தொட்டி அவள் தலையில் வந்து விழுந்தது.

முதல் நாள் அதை ஷெட்டில்தான் வைத்தாள். தகரக் கூரை. சித்திரை வெயில். பதினொரு மணிக்கெல்லாம் சூடு நாற்பதைத் தொட்டது.

முதலாளி பதறிப்போனார்.

"ஐயையோ, செத்துப் போயிரும் அம்மிணி! சாம்பிள் ரூமுக்கு எடுத்துட்டுப் போ. ஏசியைப் போட்டு வுடு."

அதே ஷெட்டில் பன்னிரண்டு பெண்கள் நின்றிருந்தார்கள்.

கட்டி அடுக்கும் கோகிலாவுக்கு ஏழாம் மாதம். இந்தக் கோடையில் இரண்டு தடவை மயங்கி விழுந்துவிட்டாள். வீட்டில் உட்கார வழியில்லை, வருகிறாள். ஒரு ஃபேன் போடச் சொல்லி மூன்று வருடமாகக் கேட்டு எல்லோருக்கும் வாய் வலித்ததுதான் மிச்சம். தகரத்துக்குக் கீழே ஃபேன் போட்டால் சூட்டுக் காற்றுதான் வரும் என்பார் முதலாளி.

தேளுக்கு ஏசி.



அந்த ஏசியும் ஒழுங்காக உதவவில்லை. சூடு சரியாயிற்று, ஈரம் போயிற்று. தண்ணீர் அடித்தால் ஏறும். அடுத்த மணிக்கு இறங்கும். கொஞ்சம் கூட அடித்தால் மூலையில் வெள்ளையாகப் பூஞ்சை. அள்ளிக் கொட்டிவிட்டுப் புதுத் தூளை நனைத்துப் போட்டாள். பிடித்துப் பிழிந்தால் ஒரு சொட்டு விழ வேண்டும், இரண்டு விழக் கூடாது. புட்டுக்கு மாவு விரவும்போதுகூட அவள் இத்தனை பதம் பார்த்ததில்லை.

நாலாம் நாள், கட்டி அழுத்தும் மிஷினை விட்டு அவளால் நகர முடியவில்லை. கோகிலாவை அனுப்பினாள்.

தண்ணீர் அடிக்க இரண்டு நிமிடம். கால் மணி நேரம் கழித்து வந்தாள் கோகிலா.

திட்டுவதற்கு வாயைத் திறந்தவள் அப்படியே நிறுத்திக்கொண்டாள். கோகிலாவின் முகத்தில் வியர்வை இல்லை. வெளிறிக் கிடந்த உதட்டில் கொஞ்சம் ரத்தம் ஓடியிருந்தது.

"அங்க தரையில சித்த உக்காந்துட்டனுங்கக்கா" என்றாள், பயந்துபோய்.

அடுத்த மணிக்கும் அவளையே அனுப்பினாள். அதற்கடுத்த மணிக்கும்.

பத்தாம் நாள் முதலாளி யாரிடமோ யோசனை கேட்டு வந்தார். தொட்டியின் வலைமூடியைப் பிளாஸ்டிக் ஷீட்டால் முக்கால்வாசி மூடி டேப் ஒட்டச் சொன்னார். ஒட்டினாள்.

எழுபத்தைந்து.

சாயங்காலமும் எழுபத்தைந்து. மறுநாள் காலையிலும் எழுபத்தைந்து. இத்தனை நாள் உயிரை வாங்கிவிட்டு இப்போது நல்ல பிள்ளையாக நிற்கிறது.

முதலாளிக்கு வாயெல்லாம் பல்.

"இனி மணிக்கொருக்கா ஓட வேண்டாம் அம்மிணி. காலைல நீ ஒருக்காப் போயி போட்டோ எடுத்தாப் போதும். அந்தப் புள்ளைக்கும் வேலை கெடாது பாரு."

கார் கிளம்பிப் போயிற்று.

மணி பதினொன்றரை. சாம்பிள் ரூம் ஜன்னல் வழியே ஷெட் தெரிந்தது. கோகிலா சேலைக்குமேல் போட்டிருந்த ஆண்சட்டையின் கையால் கழுத்தைத் துடைத்தாள். ஒரு கட்டியைத் தூக்கினாள். பாதியில் இறக்கி வைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஜன்னலை விட்டு வந்து ரூம் கதவைச் சாத்தினாள்.

டேப்பின் முனையை நகத்தால் கிளப்பினாள். நன்றாகத்தான் ஒட்டியிருக்கிறாள், வரமாட்டேன் என்றது. ஒரு பக்கம் முழுக்கப் பிரித்து, தானாக விட்டுப்போன மாதிரி ஷீட்டை மடங்க விட்டாள். நாற்காலியை இழுத்துப் போட்டு மீட்டருக்கு எதிரே உட்கார்ந்தாள்.

எழுபத்து மூன்று.

எழுபது.

இறங்கித் தொலையேன், என்ன யோசனை?

அறுபத்திரண்டில் முதலாளிக்குப் போன் போட்டாள்.

"மறுபடியும் எறங்கிப் போச்சுங்க."

அந்தப் பக்கம் அவர் கத்தினார். அவள் போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டாள்.

"ஒட்டிப் பாத்தனுங்க. ஏசிக் குளுருக்கு டேப் நிக்க மாட்டீங்குதுங்க. முன்ன மாதிரி மணிக்கொருக்கா ஆளை அனுப்புனாத்தான் ஆகுமுங்க."

போனை வைத்துவிட்டு ஜன்னலைத் திறந்தாள். வெக்கை முகத்தில் அடித்தது.

"கோகிலா! தேளுக்குத் தண்ணி அடிக்கோணும், வா. ஓடாத கண்ணு. மெதுவா வா."