எரியாத விளக்கு

“எரியுதா?”

“இல்லைங்க மேடம். எரியலை.”

“நல்லாப் பாருங்க. நீலமா எரியணும்.”

“அடுப்பு நல்லாத்தாம்மா எரியுது!” என்று சமையலறையிலிருந்து மாமியார் குரல் கொடுத்தார். வேறு நாளாக இருந்தால் மருமகள் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். இன்று உதடுகூட அசையவில்லை.

சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை விரித்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவள் பேசிக்கொண்டிருந்தது, ஊரின் மறுகோடியில் இருந்த ஓர் அச்சகத்தின் எலக்ட்ரீஷியனிடம். அங்கே கோப்புகளைச் சேமித்து வைக்கும் மூன்று ஸ்டோரேஜ் பெட்டிகள் புதிதாக வந்து இறங்கியிருந்தன. இன்னும் ஒரு கோப்புகூட ஏறவில்லை. மூன்றும் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் நெட்வொர்க் எண்களை மாற்றி, எல்லாவற்றையும் ஒருமுறை அணைத்து எழுப்ப வேண்டும். அவ்வளவுதான் வேலை.

மாற்றுவதற்கு முன், எந்தப் பெட்டிக்குள் இருக்கிறோம் என்று பார்த்துக்கொள்ள ஒரு கட்டளை உண்டு. அதை அடித்தால் அந்தப் பெட்டியின் நெற்றியில் நீல விளக்கு விட்டு விட்டு எரியும். இவள் அடித்துவிட்டாள். நடுப் பெட்டியில் விளக்கு எரிகிறது என்று கறுப்புத் திரையும் சொல்லிவிட்டது. ஆனால் அங்கே எரியவில்லை.

காலையிலிருந்தே அவளுக்கு எதைத் தொட்டாலும் பயம். ஆஸ்பத்திரியில் மாமனாருக்குத் தலையில் ஆபரேஷன். பட்டாணி அளவில் ஒரு கட்டி. பக்கத்துத் திரையில் ஸ்கேன் படத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் டாக்டர் கத்தி வைப்பாராம். படம் இல்லையென்றால் கண்ணைக் கட்டிவிட்ட மாதிரிதான். அந்தப் படங்கள் இருக்கும், இதே மாதிரி மூன்று பெட்டிகளைப் போன மாதம் அமைத்துக் கொடுத்ததே இவள்தான். பயம் தாங்காமல், எழுந்ததும் முகம்கூடக் கழுவாமல் லேப்டாப் வழியாக ஆஸ்பத்திரிப் பெட்டிகளுக்குள் ஒரு எட்டுப் போய், எல்லாம் சுகமா என்று பார்த்திருந்தாள். சுகம்தான். அந்தத் தெம்பில்தான் இந்த வேலைக்கே உட்கார்ந்தாள்.

கணவனிடமிருந்து ஒரு செய்தி வந்திருந்தது.

“அப்பாவை உள்ள கொண்டு போயிட்டாங்க. நான் காரிடார்ல. எதிர்ல கண்ணாடி ரூம்ல உன் பெட்டிங்க ஏசியில ஜம்முனு இருக்கு, எனக்குத்தான் வேர்த்துக் கொட்டுது. ஏதாவது தப்பா நடந்தா மட்டும்தான் போன் பண்ணுவேன். போன் வரலைன்னா எல்லாம் நல்லபடியா போகுதுன்னு அம்மாகிட்டச் சொல்லு.”

படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தவள்தான். அதைத் திருப்பிப் பார்க்கவே தைரியம் வரவில்லை.

“என்னம்மா, இன்னுமா விளக்கு பாத்துக்கிட்டு இருக்கீங்க?” ஹெட்போனில் அவள் ஆபீஸ் மேனேஜர் நுழைந்தார்.

“சார், லைட் வரலை. எனக்கு என்னவோ பயமா இருக்கு.”

“உனக்கு எதுக்குத்தான் பயம் இல்ல? ஆபீஸ்ல சும்மாவா தொடைநடுங்கின்னு பேர் வச்சாங்க! பல்பு போயிருக்கும். பெட்டிப் பேரு, நம்பர் எல்லாம் சரியா இருக்குல்ல?”

“இருக்கு சார். நாம எல்லா இடத்துலயும் போடற அதே பேரு, அதே நம்பர்தான்.”

“அப்புறம் என்ன? அடி.”

“அப்போ லைட்டுன்னு ஒண்ணை எதுக்கு சார் வச்சிருக்கான்?”

“உன்னை மாதிரி ஆளுங்க பொழுது போகறதுக்கு! அடிம்மா, எனக்கு வேற வேலை இல்லையா?”

எலக்ட்ரீஷியன் தொண்டையைச் செருமினார். “மேடம், பெட்டிக்குப் பக்கத்துலேயேதான் நிக்கறேன். ஒண்ணும் மினுக்கலை. சொன்னீங்கன்னா இன்னொரு தடவை பாக்கறேன்.”

“வேண்டாம் விடுங்க” என்றார் மேனேஜர்.

அவள் புது எண்களை ஒவ்வொன்றாக அடித்தாள். விரல் வழுக்கியது. துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு மறுபடி அடித்தாள். ‘மூன்று பெட்டிகளும் அணைந்து எழும். எல்லா இணைப்பும் அறுந்துபோகும். தொடரலாமா?’ என்று திரை கேட்டது. எஸ் என்று அடித்தாள். என்டர் மட்டும்தான் பாக்கி.

கவிழ்ந்து கிடந்த போன் அலறியது.

எடுத்துப் பார்த்தாள். கணவன்.

தப்பாக நடந்தால் மட்டும்தானே போன்? மாமியார் கையில் கரண்டியோடு ஓடி வந்து எதிரே நின்றார். மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு மருமகளின் முகத்தையே பார்த்தார்.

ஹெட்போனை ஒரு காதிலிருந்து ஒதுக்கிவிட்டு, அந்தக் காதில் போனை வைத்தாள். “என்னங்க... மாமாவுக்கு...?”

“அய்யய்யோ, பயந்துட்டியா? ஸாரிம்மா, ஸாரி! அப்பாவுக்கு ஒண்ணுமில்ல. பாதி முடிஞ்சிருச்சாம், நல்லாப் போகுதுன்னு நர்ஸ் வந்து சொல்லிட்டுப் போனாங்க. மெசேஜ் போட்டேன், நீ பாக்கவே இல்ல.”

போன உயிர் திரும்பி வந்தது. ஒன்றுமில்லை என்று மாமியாரைப் பார்த்துக் கையை ஆட்டினாள். அவர் அப்படியே நாற்காலியில் சரிந்து, கரண்டியை மடியில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தார்.

“என்டர் அடிச்சாச்சா இல்லையா?” என்று இன்னொரு காதில் மேனேஜர் கத்தினார்.

“இதோ சார்.” விரலை என்டரின் மேல் கொண்டுபோய் வைத்தாள். கணவனிடம், “அப்புறம் எதுக்குங்க போன் பண்ணி உயிரை வாங்கறீங்க?” என்றாள்.

“போரடிக்குதும்மா... உன் நடுப் பெட்டி அப்போலேருந்து என்னைப் பாத்து நீலமாக் கண்ணடிச்சுக்கிட்டே இருக்கு.”